பிரேக் கத்தும் நேரம்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் ஓடும். கூட்டம் தேரையும் வடம் பிடிப்பவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் கீழ வீதியில் நின்றால் என் கண் போவது சக்கரத்தடியில் குனிந்தபடியே கூட நடக்கிறவர்களிடம். கையில் முட்டுக்கட்டை. தேர் நிற்க வேண்டிய இடத்திலும் முனை திரும்ப வேண்டிய இடத்திலும் அந்தக் கட்டையைச் சக்கரத்தின் முன்னால் சரியாகச் செருகுகிறார்கள். கட்டை கிறீச்சிடும், நசுங்கும், நார் நாராகப் பிளக்கும். வீணானதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. தேய வேண்டியது கட்டைதான்.

கார் பிரேக்கும் இதே ஏற்பாடுதான். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வும் துண்டுகள் பேடு. கவ்வ வைக்கிற இரும்புக் கை காலிப்பர். நாம் பெடலை மிதிக்க, பிரேக் ஆயிலின் அழுத்தம் குழாய் வழியாகப் போய் அந்தக் கையை இறுக்குகிறது. (திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அங்கேயும் முனை திரும்ப முட்டுக்கட்டை இன்னும் தேவைப்படுகிறது.) பேடு தேயும். தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. பேடு தீர்ந்த பிறகும் ஓட்டினால் தேய்வது டிஸ்க். இந்த அத்தியாயம் முழுக்க அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வதைப் பற்றியது.

பேடின் வேலை எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதை முழுக்க நிறுத்தினால் பிறக்கும் சூடு, முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 40-ல் வந்தால் அதில் கால் பங்குதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் நல்ல சாலை கிடைத்ததும் வேகமெடுத்து, ஊர் வந்ததும் அழுத்தி மிதித்து, மறுபடி வேகமெடுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைக்கிறோம். அந்தச் சூட்டில் பெரும்பங்கைத் தாங்குவது முன்சக்கர பிரேக்குகள், ஏனென்றால் நிற்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால்தான் முன்பேடு, பின்சக்கர ட்ரம் பிரேக்கில் உரசும் லைனரை விட வெகு சீக்கிரம் தேய்கிறது.

உப்புக்காற்றின் சத்தம்

கடலூரில் மஞ்சக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். காலையில் எடுத்து, முதல் முறை பிரேக் மிதிக்கும்போது சொர சொரவென்று உரசும், சில நாள் கிரீச்சென்று கத்தும். நாலைந்து முறை மிதித்ததும் அடங்கிவிடும். இரவில் இறங்கிய பனியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, மூடியில்லாத வார்ப்பிரும்பின் மேல் மெல்லிய துரு படிந்திருக்கிறது. பேடு அதைத் துடைத்தெடுக்கிறது. தெரு முனை தாண்டுவதற்குள் டிஸ்க் மறுபடி வெள்ளிபோல் மினுங்கும். சிதம்பரத்துக்குக் கடல் சற்றுத் தள்ளி இருப்பதால் அங்கே இது குறைவு. ஆனால் கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் அதேதான்.

இந்த நிலத்துக்கும் இரும்புக்கும் பழைய உறவு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலம் பக்கத்து இரும்புக் கல்லைக் கொண்டுவந்து பரங்கிப்பேட்டையில் உருக்கி இரும்பாலை நடத்தினார். இரும்பு வார்த்த அதே கரையின் காற்றுதான் இன்று நம் டிஸ்கை ஒரே ராத்திரியில் பழுப்பாக்குகிறது.

இந்தக் காலைச் சத்தத்தால் வண்டிக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் நம் காதுக்கு. தினம் கேட்டுக் கேட்டு, ‘இந்த ஊரில் பிரேக் கத்தத்தான் செய்யும்’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வேறொரு சத்தம் வந்தால் அதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

எனக்கு அப்படித்தான் ஆனது. என்னிடம் பழைய ஆல்டோ ஒன்று இருந்தது. ஒரு ஐப்பசியில் இடது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய விசில்போல ஒரு ஒலி. பிரேக் மிதிக்காமல் சும்மா போகும்போதே கேட்டது. மிதித்தால் நின்றது. மிதித்தால் நிற்கிற சத்தம் பிரேக்கில் இருக்குமா என்று நினைத்தேன். மூன்று வாரம் ஓட்டினேன். பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு சிதம்பரம் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும் விசில் தானாக நின்றுபோனது. நிம்மதியாக இருந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு மாடு குறுக்கே வர, மிதித்தேன். கரகரவென்று அம்மியில் கல்லைப் போட்டு இழுத்ததுபோல ஒரு சத்தம், காலுக்கடியில் ஒரு நடுக்கம். வண்டி நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிய பெரியவர் டிஸ்கைக் காட்டினார். கிராமபோன் தட்டுபோல வரி வரியாகப் பள்ளம். “இது உப்புக்காத்து சத்தம் இல்ல சார். இரும்பும் இரும்பும் உரசியிருக்கு” என்றார். உள்பக்கப் பேடில் உரசும் பொருள் ஒரு துளிகூட இல்லை. வெளிப்பக்கப் பேடு பாதி இருந்தது. சக்கரத்து ஓட்டை வழியாக நான் அடிக்கடி பார்த்துத் திருப்திப்பட்டது அந்த வெளிப்பேடைத்தான்.

அவர் காட்டிய இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல பேடுகளின் ஓரத்தில் ஒரு சிறு இரும்பு நாக்கு வளைத்து வைக்கப்பட்டிருக்கும். பேடு ஏறத்தாழ 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்ததும் இந்த நாக்கு டிஸ்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்தது. வண்டி ஓடும்போது கத்தி, மிதித்தால் நிற்பதோ மாறுவதோ இதன் குணம். என் வண்டியில் மூன்று வாரம் கத்திவிட்டு நாக்கும் தேய்ந்து முறிந்திருக்கிறது. விசில் நின்றதும் எனக்கு வந்த நிம்மதி எவ்வளவு தவறான நிம்மதி என்பது இப்போது புரியும்.

எப்போது கத்துகிறது?

ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் மட்டும் வந்து, நாலு மிதியில் அடங்கினால் துரு. மிதிக்காதபோது வந்து மிதித்ததும் மாறினால் அந்த இரும்பு நாக்கு. வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் அந்த வாரமே பேடை மாற்றுங்கள். மிதிக்கும்போது மட்டும், அதுவும் சிதம்பரம் தேர் வீதிகளில் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து போகும்போது நீளமாகக் கத்தினால், பேடு தேயாமலேயே கத்தலாம். ஈரக் கைவிரலை எவர்சில்வர் தட்டில் அழுத்தி இழுத்தால் விரல் பிடித்து, நழுவி, பிடித்து, நழுவி ஒரு கூச்சல் வருமே, அதுவேதான். பேடு டிஸ்கின் மேல் அதிர்கிறது. பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டாலோ, முதுகில் இருக்கும் மெல்லிய தகடு தொலைந்துபோனாலோ, பேடு உட்காரும் கவ்விகள் துருப்பிடித்துத் தளர்ந்தாலோ இது வரும். தகடும் கவ்வியும் பேடோடு வரும் சின்னச் சாமான்கள். அவசரத்தில் மாற்றும் பட்டறைகளில் பழையதையே போட்டுவிடுவதும், போடாமலேயே விடுவதும் நடக்கிறது. கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

இடைவிடாமல், சக்கரம் சுற்றுகிற வேகத்துக்குத் தக்கபடி பயங்கரமாகக் கீச்சிட்டால் பதற வேண்டாம். டிஸ்குக்கும் அதன் பின்னால் உள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே சின்னக் கல் மாட்டியிருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் மெதுவாகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால் பல சமயம் விழுந்துவிடும். அறுவடைக் காலத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் சாலையில் நெல்லும் உளுந்துச் செடியும் காயும்போது அதன் மேல் ஓட்டிவிட்டு வந்தால், சக்கரத்தின் உள்பக்கம் தண்டு சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சூடான இடத்தில் காய்ந்த தண்டு வெறும் சத்தத்தோடு நிற்காது, தீயும் பிடிக்கலாம்.

கரகரவென்று அரைத்தால் அதோடு ஓட்டம் முடிந்தது. பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாமா என்று கேட்பார்கள். பெடல் கெட்டியாக இருந்தாலும் நான் மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே அழைக்கச் சொல்வேன். பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினாலோ சாவியை எடுத்துவிடுங்கள். அது ஆயில் கசிவு, குழாயில் காற்று, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போன அடையாளம். இவற்றில் சத்தமே வராது.

நீங்களே பார்ப்பது

பேடு மாற்றுவதைப் பழகியவர்களிடம் விடுங்கள். பார்ப்பது உங்கள் வேலை. டயர் மாற்றத் தெரிந்த எவருக்கும் இது முடியும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிட்டால் ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். கை தப்பும்.

இப்போது மொபைல் டார்ச்சை அடித்து, காலிப்பரின் நடுவே தெரியும் சந்தில் இரண்டு பேடுகளையும் பாருங்கள். இரும்பு முதுகை விட்டுவிட்டு, உரசும் பொருளின் கனத்தை மட்டும் கணக்கிட வேண்டும். புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். உள்பேடு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் காலிப்பர் நகர்கிற கைடு பின்னில் கிரீஸ் வற்றி, துரு கட்டியிருக்கிறது என்று பொருள். நம் ஊரில் இது சாதாரணம். பேடை மட்டும் மாற்றினால் புதுப்பேடும் அப்படியேதான் தேயும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால்தான் வேலை முடிந்ததாகும். “தம்பி, கைடு பின்னை எடுத்துப் பாத்தீங்களா?” என்ற ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

டிஸ்கின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டினால் ஒரு மேடு தட்டும். அதன் உயரம்தான் டிஸ்க் தேய்ந்த அளவு. எவ்வளவு மெலியலாம் என்ற கடைசிக் கனம் பெரும்பாலும் டிஸ்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்றால் டிஸ்க் சீராக இல்லை. லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம், ஆனால் சமன் செய்த பிறகும் அந்தக் கடைசிக் கனத்துக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுசு.

பிரேக் தூளை வாயால் ஊதாதீர்கள், ஏர் பைப்பால் ஊதவும் விடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே சரி. பட்டறையில் வேலை செய்யும் பையன்களின் நுரையீரலும் இதில் இருக்கிறது.

கத்தலை நிறுத்த டிஸ்கில் எண்ணெய் விடு, சோப்பு தடவு என்று யோசனை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் குடித்த பேடு திரும்பப் பயன்படாது. வழவழப்பான பேடின் முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கனம் நிறைய மிச்சமிருந்தால் மட்டும் சிறிது நாள் உதவும்.

வாங்குவதும் பழக்குவதும்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நல்ல பேடும் லைனரும் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1974-ல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னைப் பாடியில் வளர்ந்தவை. ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை ஒன்று கடலூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பெயர் தெரியாத பெட்டியில் வரும் மலிவுப் பேடை வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பில் கேளுங்கள், பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், பழைய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள். இடது சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதுப்பேடு போட்டதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். பேடுக்கு இடம் செய்யப் பின்னால் தள்ளிய பிஸ்டன் இன்னும் முன்னே வந்திருக்காது. இதை மறந்து ஷெட்டிலிருந்து எடுத்தவுடன் சுவரில் மோதிய வண்டிகள் உண்டு. பிறகு போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, அழுத்தி நிறுத்தாமல், மிதமாகக் குறையுங்கள். இடையில் ஆற விட்டு, எட்டுப் பத்து முறை. முதல் இருநூறு கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் கூடாது. இந்தப் பழக்குதலைச் செய்யாத புதுப்பேடுதான் பல சமயம் கத்தி, ‘புதுசு போட்டும் கத்துதே’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கொண்டுபோகும்.

பிரேக் ஆயிலுக்குப் பேர்தான் ஆயில், எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும், டாட் 3-க்கு 205-லிருந்து 140. கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் பெடல் பஞ்சு. கடலோரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றி, ஏர் எடுத்துவிடுங்கள். டப்பாவில் அளவு மெல்லக் குறைந்தால் பேடு தேய்கிறது என்றும் பொருள், கசிவு என்றும் பொருள். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பாதீர்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

வெள்ளத்துக்குப் பிறகு

2015 வெள்ளத்தையும், ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகி வந்ததையும் கடலூரில் யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் ஓட்டி வெளியே வந்ததும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக மிதித்துப் பிடியுங்கள். உரசல் சூட்டில் பேடு காயும். முன்டிஸ்க் சீக்கிரம் தேறிவிடும். பின்சக்கர ட்ரம்தான் பிரச்சினை. மூடிய பானைபோன்ற அதற்குள் சேறு புகுந்தால் வெளியே வராது. மணல் லைனரில் பதிந்து ட்ரம்மையே அறுக்கும், வீல் சிலிண்டர் துருப்பிடித்துக் கசியும். சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீரில் மூழ்கியிருந்தால் ட்ரம்மைத் திறந்து சுத்தம் செய்யாமல் தூரப்பயணம் வேண்டாம். வெள்ளமே வராத வருடத்திலும், மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.

ட்ரம்மில் இன்னொரு தொல்லை. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் இழுத்து நாலைந்து நாள் நிறுத்தினால் லைனர் ட்ரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது ‘டொப்’பென்று விடுபட்டால் அதிர்ஷ்டம். விடுபடாமல் வேகமாக முறுக்கி எடுத்தால் லைனர் ஷூவை விட்டுப் பெயர்ந்துவிடும். ஆகவே கடலோர வீட்டில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள், தரை சமமாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்துவிட்டுப் போங்கள். நான் இரண்டு பனங்கட்டைத் துண்டுகளை டிக்கியில் வைத்திருக்கிறேன். அவற்றில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, மறுமுனையை ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் முடிந்துவிடுவேன், எடுக்கும்போது மறக்காமல் இருப்பதற்காக.